வலது கையில் வாங்கிய தாம்பாளம்

போன வியாழக்கிழமை, காலை பத்தேகால். டாக்டர் என் வலது மணிக்கட்டில், சுண்டுவிரல் பக்கம் துருத்தி நிற்கும் எலும்பை ஒரு விரலால் அழுத்தினார். உள்ளே போனது. விரலை எடுத்தார். மேலே வந்தது... ஹார்மோனியக் கட்டை மாதிரி.

"என்ன சார் செஞ்சீங்க?" என்றார்.

என்ன செய்தேன்?

நாகமலை புதுக்கோட்டை வளைவில் ஸ்கூட்டரோடு, கையை ஊன்றி விழுந்தேன். முன்கையின் இரண்டு எலும்புகளையும் பிடித்து வைத்திருக்கும் தசைநார்கள் கிழிந்துவிட்டன. சாவியைத் திருப்ப முடியாது. தம்ளரைச் சாய்க்க முடியாது. அதே கையில், இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்கிற ஒரு தசைநாணை உருவி, எலும்புகளில் துளையிட்டு, கோத்து இழுத்துக் கட்டினார்கள்.

"ஆறு வாரம் உள்ளங்கைய மேல திருப்பக் கூடாது. எதையும் தூக்கக் கூடாது."

அப்படியே டைரியில் எழுதி வைத்தேன் — இடது கையால், கோணல் மாணலாக. முப்பத்தெட்டு நாள் ஒரு பிசகும் இல்லை.

முப்பத்தொன்பதாம் நாள் பேரையூரிலிருந்து தங்கையும் அவள் கணவரும் வந்தார்கள். மகளுக்குக் கல்யாணம். முதல் பத்திரிகை தாய்மாமனுக்கு. தாம்பாளத்தில் தேங்காய், இரண்டு சீப்புப் பழம், வெற்றிலை பாக்கு, மேலே பத்திரிகை.

கையை அசையாமல் பிடித்திருந்த ஸ்பிளின்ட்டைக் கழற்றினேன்.

"என்ன பண்றீக? நான் வாங்குறேன்" என்று பதறினாள் மனைவி.

"தாய்மாமன் நீயா, நானா?"

"அண்ணே, சும்மா தொட்டுக் குடுங்க, போதும்" என்றாள் தங்கை.

அவள் கணவர் சிரித்தார். "இடது கையிலயே வாங்குங்க மச்சான். அதுக்காக ஒங்க மருமக கல்யாணத்த நிறுத்திப்புடுவாளா?"

எல்லோரும் சிரித்தோம். ஆனாலும் நல்ல காரியத்துக்கு இடது கையை மட்டும் நீட்டலாமா? இரண்டு உள்ளங்கைகளையும் திருப்பி நீட்டினேன். தாம்பாளத்தின் கனம் இறங்கியதும் உள்ளே ஒரு 'களுக்'. வலிகூடப் பெரிதாக இல்லை.

'பத்திரிகையை முறைப்படி பெற்றுக்கொண்டேன்' என்று அன்று டைரியில் எழுதினேன். களுக்கை எழுதவில்லை. இத்தனை வருடத்தில் டைரிக்கு நான் மறைத்த முதல் விஷயம் அதுதான்.

டாக்டரின் விரலுக்கு மறைக்க முடியுமா?

"கட்டுனது இளகிருச்சு சார். இனி தானாச் சேராது."

"மறுபடி கட்டலாமா?"

"கட்டலாம். முன்ன மாதிரி நிக்கும்னு சொல்ல மாட்டேன்."

மனைவி திட்டியிருந்தால் தேவலை. வீட்டு வாசலில் என் கையிலிருந்த சாவியை வாங்கி, அவளே பூட்டைத் திறந்தாள். இனி எத்தனை காலம் இப்படி?

விதியை மீறிக் கெட்டவர்கள் நம் ஊரில் கொஞ்சம்தான். முறையைக் காப்பாற்றப் போய்க் கெட்டவர்களே அதிகம்.

இன்னொன்று... வலது கையில் உபரித் தசைநாண் இனி இல்லையாம். அடுத்ததை இடது கையிலிருந்து எடுக்க வேண்டும் — மரியாதை போதாது என்று நான் தனியாக நீட்ட மறுத்த அதே கையிலிருந்து.