ஜெபராணி சிஸ்டர் போட்ட ஊசிகள்

சூலூரில் ஜெபராணி குடியிருக்கும் தெருவில் அவளிடம் ஊசி போட்டுக்கொள்ளாத ஆள் ஒருவர் இருந்தால், அவர் நேற்றுத்தான் குடிவந்தவராக இருக்க வேண்டும். கோயமுத்தூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் இருபத்தோரு வருஷமாக அவள் ஸ்டாஃப் நர்ஸ். டாக்டர் எழுதிக் கொடுத்த ஊசியை மெடிக்கலில் வாங்கிக்கொண்டு, அவள் டூட்டி முடிந்து பஸ்ஸிலிருந்து இறங்கும் நேரம் பார்த்துக் காத்திருப்பார்கள். "சிஸ்டர் போட்டா எறும்பு கடிச்சாப்பலகூடத் தெரியாதுங்க" என்பது தெருவின் தீர்ப்பு. அவளும் "அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க" என்று வாயளவில் சொல்வாளே தவிர, உள்ளுக்குள் அந்தப் பெருமை எக்கச்சக்கமாக இருந்தது. இருக்கட்டுமே. இருபத்தோரு வருஷம் ஊசி பிடித்த கைக்கு அந்த அளவு கர்வம்கூட இல்லாவிட்டால் எப்படி?

வயது நாற்பத்து மூன்று. கல்யாணம் ஆகவில்லை. ஆகவில்லை என்பதைவிட அதற்கு நேரம் வாய்க்கவில்லை என்று சொன்னால்தான் சரியாக இருக்கும். விசைத்தறி ஓட்டிக்கொண்டிருந்த அப்பா ஒருநாள் வேலையின் நடுவிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். தம்பி ஜெஃபின் அப்போது ஏழாம் வகுப்பு. அவனைப் படிக்க வைத்து, பெங்களூரில் வேலை கிடைத்ததும் கல்யாணம் செய்து வைத்து, படுக்கையில் விழுந்த அம்மாவை ஆறு வருஷம் பார்த்து, அடக்கமும் செய்துவிட்டு நிமிர்ந்தபோது வீட்டில் மிச்சம் இருந்தது அவளும் ஒரு பூனையும்தான்.

பூனையின் பெயர் நாடா. பக்கத்துத் தறிக்குடோனில் பிறந்து, கண் திறந்த கையோடு சுவரேறி வந்துவிட்டது. தறியில் ஊடைநூலை இழுத்துக்கொண்டு இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓடுமே, அந்த நாடா மாதிரி வாசலுக்கும் அடுப்படிக்கும் ஓயாமல் ஓடியதால் அம்மா வைத்த பெயர் அது. படுத்த படுக்கையாகக் கிடந்தவளுக்குப் பகலெல்லாம் பேச்சுத்துணை அந்தப் பூனைதான். அம்மாவை அடக்கம் செய்த அன்று, வந்த ஜனமெல்லாம் கலைந்த பிறகு, அது காலிக் கட்டிலில் ஏறித் தலையணையை முகர்ந்து பார்த்துவிட்டு அங்கேயே சுருண்டு படுத்தது. அதுவரை கல்லாக நின்ற ஜெபராணி அதைப் பார்த்துத்தான் வாய்விட்டு அழுதாள்.

அயர்லாந்து வேலை அதற்கு இரண்டு வருஷம் கழித்து வந்தது. வார்டில் கூட வேலை பார்த்த பெண்கள் ஒவ்வொருத்தியாகக் கிளம்பிப் போக, இவளும் ஆங்கிலப் பரீட்சை எழுதினாள். முதல் தடவை கோட்டை விட்டாள், இரண்டாவது தடவை பாஸ். ஒரு சிறிய ஊரில் முதியோரைப் பார்த்துக்கொள்ளும் இல்லத்தில் வேலை. செப்டம்பர் ஒன்றாம் தேதி சேர வேண்டும். ஊரே சந்தோஷப்பட்டது. பூனையும் கூட வருகிறது என்று அவள் சொன்னபோதுதான் ஒவ்வொருவருக்கும் முகம் ஒரு மாதிரியாகப் போனது.

பக்கத்து வீட்டுப் பழனியாத்தாள்தான் முதலில் வாயைத் திறந்தாள். "ஏனம்மணி, பூனையத் தூக்கீட்டு எவளாச்சும் வெளிநாடு போவாளா? மீன் மார்க்கெட்டுப் பக்கம் உட்டுப்போட்டு வா, அது பாட்டுக்குப் பொழச்சுக்கும்."

ஜெஃபின் போனில் இன்னும் பக்குவமாகச் சொன்னான். "அக்கா, எதுக்கு இந்தப் பாடு? அங்க போயி வேற ஒண்ணு வாங்கிக்கலாம்."

"உன்னையப் படிக்க வெக்கறதுக்குப் பதிலா வேற ஒரு தம்பிய வாங்கியிருக்கலாம்னு எனக்குத் தோணாமப் போச்சு பாரு" என்றாள் ஜெபராணி. அந்தப் பக்கம் அவனே சிரித்துவிட்டான்.

ஜூன் மூன்றாம் வாரம் ஒரு சனிக்கிழமை, நாடாவைக் கூடையில் போட்டுக்கொண்டு சிங்காநல்லூரில் கால்நடை மருத்துவர் ரூபினாவின் கிளினிக்குக்குப் போனாள். கையில் ஒரு நோட்டுப் புத்தகம். பூனைக்கு வெறிநாய்க்கடித் தடுப்பூசியை அவளே வருஷா வருஷம் போட்டிருக்கிறாள், ஐந்து வருஷமாக. மருந்தை மெடிக்கலில் வாங்கி, ஐஸ் போட்ட ஃபிளாஸ்கில் வைத்துக் கொண்டுவந்து, தன் கையாலேயே போட்டு, தேதி, நேரம், போட்ட இடம் எல்லாம் வார்டு சார்ட் மாதிரி எழுதி, மருந்துப் புட்டியின் லேபிளைக்கூட உரித்து ஒட்டியிருந்தாள். தெருவுக்கே ஊசி போடுகிறவள் தன் வீட்டுப் பூனைக்கு இன்னொருவரிடமா போய் நிற்பாள்?

ரூபினா பக்கம் பக்கமாகப் புரட்டினார். "இவ்வளவு சுத்தமா நாங்களே எழுத மாட்டோமுங்க சிஸ்டர்" என்றார். ஜெபராணிக்கு வாயெல்லாம் பல். டாக்டர் நோட்டை மூடி மேசையில் வைத்தார். "ஆனா இதுல ஒண்ணுகூடச் செல்லாதுங்க."

"ஏனுங்க? நான் போட்டா மருந்து மருந்தில்லீங்களா?"

"கோவிச்சுக்காதீங்க. மொதல்ல பூனையோட தோலுக்கடியில அடையாளத்துக்கு ஒரு சிப் வெக்கோணும். அதுக்கப்புறம் போடற ஊசியத்தான் அயர்லாந்துல ஏத்துக்குவாங்க. அதும் கால்நடை டாக்டர் போட்டுக் கையெழுத்து வெச்சிருக்கோணும்."

டாக்டர் ஒரு தாளில் தேதிகளை எழுதிக் காட்டினார். இன்றைக்கே சிப்பும் ஊசியும். முப்பது நாள் கழித்து ரத்தம் எடுத்து, அயர்லாந்துக்காரர்கள் ஒத்துக்கொள்கிற ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். ரத்தத்தில் எதிர்ப்புச் சக்தி புள்ளி ஐந்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும். இருந்தால், ரத்தம் எடுத்த நாளிலிருந்து மூன்று மாதம் காத்திருந்துவிட்டுப் புறப்படலாம். ஜெபராணி விரல் விட்டு எண்ணினாள். அக்டோபர் கடைசி. வேலையில் சேர வேண்டியது செப்டம்பர் ஒன்று.

"அளவு வராமப் போனா?"

"மறுபடியும் ஊசி, மறுபடியும் முப்பது நாள், மறுபடியும் மூணு மாசம். ஒரே ஊசி போட்ட பூனைகளுக்குப் பல தடவ வராமப் போயிருதுங்க, அதயும் சொல்லீர்றேன்."

"ஏற்கெனவே அஞ்சு போட்டிருக்கறனுங்களே."

ரூபினா தயங்கினார். "போட்டீங்க. ஆனா அந்த மருந்து கடையில எப்படி இருந்துச்சோ நமக்குத் தெரியாதுங்க. கரண்ட் போயி ஃப்ரிட்ஜ் ஒரு நாள் நின்னிருந்தாலும் போச்சு. அப்புறம் அது வெறும் தண்ணிதான்."

அந்த ஒரு வார்த்தை ஜெபராணியை உலுக்கிப் போட்டது. வீட்டுக்கு வந்து, நோட்டில் ஒட்டியிருந்த லேபிள்களைத் திரும்பத் திரும்பப் புரட்டிப் பார்த்தாள். ஐந்து வருஷமாகத் தண்ணீரையா பூனைக்கு ஏற்றிக்கொண்டிருந்தோம்? அப்படியானால் தெருவில் அவளை நம்பிக் கையை நீட்டியவர்களுக்கெல்லாம்?

வேலை தரும் இல்லத்துக்குக் கடிதம் எழுத வேண்டும். தேதியைத் தள்ளிக் கேட்க என்ன காரணம் சொல்வது என்று வார்டில் ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். கால் ஒடிந்துவிட்டது என்று எழுது என்றாள் ஒருத்தி. அம்மாவுக்கு முடியவில்லை என்று எழுது என்றாள் புதிதாக வந்த ஒருத்தி, விவரம் தெரியாமல். ஜெபராணி உள்ளது உள்ளபடியே எழுதினாள்: எனக்கு ஒரு பூனை இருக்கிறது, அதற்குக் காகிதம் தயாராக நான்கு மாதம் ஆகும், அதை விட்டுவிட்டு வர என்னால் முடியாது. எழுதி அனுப்பிவிட்டு, வேலை போனது போனதுதான் என்று முடிவே கட்டிவிட்டாள். மூன்றாம் நாள் பதில் வந்தது. நவம்பர் ஒன்று வரை பொறுக்கிறோம், அதற்கு மேல் ஒரு நாளும் முடியாது, அடுத்தவருக்குக் கொடுத்துவிடுவோம் என்று இருந்தது. ஆக, எல்லாம் அந்த ஒரு எண்ணில் வந்து நின்றது. புள்ளி ஐந்து வந்தால் இரண்டு பேரும் போகலாம். வராவிட்டால் ஒன்று வேலை, இல்லை நாடா.

ஜூலையில் ரத்தம் எடுத்தார்கள். ரூபினா ஊசியை எடுக்க, ஜெபராணி பூனையைத் துண்டில் சுற்றி அணைத்துப் பிடித்துக்கொண்டாள். குழந்தைகள் வார்டில் எத்தனை தாய்மாரை "கெட்டியாப் புடிங்கம்மா, நீங்களே அழுதா எப்படி?" என்று அதட்டியிருப்பாள்! முதல் குத்தில் நரம்பு நழுவியது. "கொஞ்சம் கீழ பாருங்க டாக்டர், ரோலாகுது" என்று பழக்கதோஷத்தில் வாய் சொல்லிற்று. இரண்டாம் முறை ஊசி தோலைத் தொடும்போது அவள் முகத்தைத் திருப்பிச் சுவரைப் பார்த்தாள். கண்ணில் தண்ணீர் கட்டிக்கொண்டது. நாடா என்னவோ ஒரு சின்ன முனகலோடு சரி.

முடிவு வர மூன்று வாரம். அந்த ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் ஜெபக்குறிப்புப் பெட்டியில் ஒரு சீட்டுப் போட்டாள்: "இரத்தப் பரிசோதனை முடிவு நல்லபடியாக வர வேண்டும். ஜெபராணி." பாஸ்டர் அதை மைக்கில் வாசித்தார். சபை முழுக்கத் தலை திரும்பிற்று. பூனைக்கு என்று எழுதக் கூச்சப்பட்ட பலன் அன்று சாயந்திரமே கதவைத் தட்டியது. பாடகர் குழுவிலிருந்து ஆஷ்லியும் இன்னும் இரண்டு பெண்களும் ஆப்பிளும் ஹார்லிக்ஸ் பாட்டிலுமாக வந்து நின்றார்கள். உட்கார்ந்ததும் ஆஷ்லி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மனசத் தளர விட்டுராதீங்க சிஸ்டர். இப்பெல்லாம் எந்த வியாதிக்கும் மருந்து இருக்குதுங்க."

ஜெபராணி விழித்தாள். விஷயம் புரிந்ததும் காதெல்லாம் சூடாகிவிட்டது. "ரத்தம் எனக்கில்லீங்க" என்று சொல்லி, ஃப்ரிட்ஜின் மேல் உட்கார்ந்து காலை நக்கிக்கொண்டிருந்த நாடாவைக் காட்டினாள். மூன்று பேரும் பூனையைப் பார்த்தார்கள். பூனையும் அவர்களைப் பார்த்தது. ஆஷ்லிதான் முதலில் சுதாரித்தாள். "அதுக்கென்னுங்க, அதயும் ஆண்டவர்தான படைச்சாரு" என்று எழுந்து நின்று, நாடாவின் பெயரைச் சொல்லியே இன்னொரு தரம் ஜெபம் பண்ணினாள். ஹார்லிக்ஸைத் திருப்பி எடுத்துக்கொண்டு போகவும் மனசில்லை. ஜெபராணி இரண்டு மாதம் அதையே குடித்தாள்.

ஆகஸ்ட் பன்னிரண்டாம் தேதி. டூட்டி முடிந்து சூலூர் பஸ்ஸில் நின்றுகொண்டு வந்தாள். ஒண்டிப்புதூர் தாண்டும்போது ரூபினாவின் போன்.

"எவ்வளவு வேணும்னு சொல்லியிருந்தனுங்க சிஸ்டர்?"

"பாயிண்ட் அஞ்சுங்க."

"ஒம்பது புள்ளி ரெண்டுங்க."

பஸ் இரைச்சலில் சரியாகக் கேட்டோமா என்று சந்தேகம். திரும்பச் சொல்லச் சொன்னாள். டாக்டர் திரும்பச் சொன்னார். "நான் போட்ட ஒரு ஊசிக்கு இவ்வளவு ஏறாதுங்க. ஏற்கெனவே நல்ல மருந்து உள்ள போயிருக்கோணும். நீங்க போட்ட அஞ்சும் வேல செஞ்சிருக்குதுங்க. அன்னைக்கு நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது, மன்னிச்சுக்கோங்க."

அவ்வளவுதான், அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. வேலை கிடைத்ததற்காக இல்லை, பூனை வருகிறது என்பதற்காக மட்டும்கூட இல்லை. இரண்டு மாதமாகத் தன் கையைத் தானே சந்தேகப்பட்டுக்கொண்டு நடந்தவள் அவள். தினமும் அந்த பஸ்ஸில் பார்க்கிற கண்டக்டர் பதறிப்போய், "ஏனுங்க சிஸ்டர், ஊட்டுல யாருக்காச்சும் முடியலீங்களா?" என்று கேட்டார்.

"இல்லீங்க. நல்ல சேதிங்க" என்றாள் முந்தானையில் மூக்கைத் துடைத்துக்கொண்டே. "என்ற புள்ளைக்கு ரத்தம் பாஸாயிருச்சுங்க."

யாருடைய பிள்ளை, எந்தப் பிள்ளை என்று அவர் கேட்கவில்லை. பக்கத்தில் இருந்தவரை எழுப்பி அவளுக்கு உட்கார இடம் பிடித்துக் கொடுத்தார்.

அக்டோபர் இருபத்தேழாம் தேதி காலை ஜெஃபின் பெங்களூரிலிருந்து கார் கொண்டுவந்தான். விமானம் அங்கிருந்துதான். வேறு பூனை வாங்கிக்கொள்ளலாம் என்றவன், நாடாவின் கூண்டுக்குள் விரிக்கப் புது மெத்தை வாங்கி வந்திருந்தான்; விமானத்துக்குத் தகுந்த அளவா என்று டேப் வைத்து இரண்டு தரம் அளந்தான். பூனையின் ஃபைல் ஜெபராணியின் ஃபைலைவிடத் தடிமனாக இருந்தது. தெரு முழுக்க வாசலில் நின்றது. பழனியாத்தாள் மட்டும் வரவில்லை.

ஜெபராணி தானே அவள் வீட்டுக்குப் போனாள். பழனியாத்தாள் சமையலறையில் முதுகைக் காட்டிக்கொண்டு, கழுவிய பாத்திரத்தையே மறுபடியும் கழுவிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, வாரேனுங்க."

பழனியாத்தாள் அடுத்த பாத்திரத்தை எடுத்தாள்.

"பூனையக் கொண்டு போறேன்னு இன்னும் கோவமுங்களா?"

பழனியாத்தாள் குழாயை மூடினாள். ஈரக்கையைச் சேலையில் துடைத்தபடி திரும்பினாள். முகம் வீங்கியிருந்தது. "அதுமேல எனக்கென்ன கோவம் கண்ணு? அத உட்டுட்டுப் போக மனசு வல்லீன்னு நாலு மாசம் அந்த ஆட்டம் ஆடுனயே. எங்களைய உட்டுட்டுப் போறதுக்கு உனக்கு ஒரு நாளாச்சும் ஆச்சா?"

பூனைக்காக அத்தனை பேரிடமும் மல்லுக்கு நின்ற ஜெபராணிக்கு, அந்த அம்மாள் சொன்னது உண்மை என்று தெரிந்தது. பழனியாத்தாளின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். வெளியே ஜெஃபின் ஹாரன் அடித்தான், ஒரு தரம், பிறகு இன்னொரு தரம். இரண்டு பேரும் அசையவில்லை.