தலையைத் தைத்த கரடி

என் அண்ணி கரடி வேஷம் போடுகிறவள். யாராவது கேட்டால் நாடகக் கம்பெனியில் வேலை என்று நாசூக்காகச் சொல்லிக்கொள்வாள். எனக்கு அந்த நாசூக்கெல்லாம் வராது. கரடி என்றால் கரடிதான். அந்தக் கரடியைத் தைத்தவளே நான். ரோமத் துணி வெட்டி, வயிற்றுக்குப் பஞ்சு அடைத்து, மூக்குக்கு என் பழைய கைப்பையின் தோலை ஒட்டி, நானே பெற்ற பிள்ளை மாதிரி உருவாக்கினேன்.

முதலில் அதை என் அண்ணனுக்காகத்தான் தைத்தேன். குழந்தைகளுக்கு மட்டுமே நாடகம் போடும் சின்னக் கம்பெனி எங்களுடையது. அண்ணன் கரடி, அண்ணி டிக்கெட் கவுண்டர், துணிமணி எல்லாம் என் பொறுப்பு. ஒரு நாள் மார் வலிக்கிறது என்று நாற்காலியில் உட்கார்ந்த அண்ணன் பிறகு எழுந்திருக்கவே இல்லை. அடுத்த விழாவுக்கு ஏற்கெனவே வாக்குக் கொடுத்தாகிவிட்டது. வேறு ஆள் பார்க்கிறேன் என்று டைரக்டர் தயங்கித் தயங்கிச் சொன்னபோது, அண்ணி தலையை நிமிர்த்தாமல், "நான் போட்டுக்கறேன்" என்றாள். துக்கத்தில் ஏதோ உளறுகிறாள் என்றுதான் நினைத்தேன். மறுநாள் காலை வந்து, "கை நீளமா இருக்கு, சுருக்கிக் குடு" என்று நின்றாள். சுருக்கித் தைத்தேன். தைக்கும்போது அழுதேன். அதைச் சொல்ல எனக்கு என்ன வெட்கம்?

அவர்களுடைய ஒரே பிள்ளை சுண்டு. அப்போது அவனுக்குப் பேச்சே சரியாக வரவில்லை. பேச்சு வந்ததும் முதல் வேலையாக அப்பா எங்கே என்று கேட்டான். "அப்பா வெளியூர் ஷோவுக்குப் போயிருக்கார்டா" என்றாள் அண்ணி. அன்றைக்கு ஒருமுறை சமாளிக்கச் சொன்னது, வீட்டில் அதுவே நிரந்தரப் பதிலாகிவிட்டது. அவன் கேட்பான், அவள் சொல்வாள், நான் அடுக்களைக்குள் போய்ப் பாத்திரத்தை உருட்டுவேன்.

கரடியை மட்டும் அவனுக்கு நாங்கள் காட்டியதே இல்லை. கம்பெனி நோட்டீஸில் இருக்கும் படத்தைப் பார்த்தாலே என் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வான். அம்மா எங்கே வேலைக்குப் போகிறாள் என்பது அவனுக்குத் தெரியாது.

நாடகம் என்று பெரிதாக ஒன்றுமில்லை. கரடி தேன் திருடும். தேன்காரர் கையில் வலையோடு பூனை நடை போட்டுப் பின்னால் வருவார். பிள்ளைகள் "பின்னாடி! பின்னாடி!" என்று தொண்டை கிழியக் கத்துவார்கள். கரடி தப்பான பக்கம் திரும்பிப் பார்க்கும். அவர் அந்தப் பக்கம் நழுவிவிடுவார். பிள்ளைகளுக்குப் பைத்தியம் பிடித்துவிடும். எவ்வளவு கத்தினாலும் கரடி காதில் வாங்கவே கூடாது. காட்சி முழுக்க அதில்தான் ஓடுகிறது.

இன்னும் இரண்டு சட்டம் உண்டு. கரடி பேசாது. குழந்தைகள் இருக்கும் இடத்தில் தலையைக் கழற்றாது. இவை இரண்டும் அண்ணன் போட்ட சட்டம். அண்ணி அவனைவிடக் கண்டிப்பு. தாகமெடுத்தால்கூடக் கரடியின் வாய்க்குள் உறிஞ்சுகுழலை விட்டுத்தான் தண்ணீர் கொடுக்க வேண்டும். ஒருமுறை ஒரு வயதுக் குழந்தை எங்கேயோ மூலையில் தூங்குகிறது என்று தெரிந்து, அரை மணி நேரம் தலையோடேயே வியர்த்து உட்கார்ந்திருந்தாள். "அது தூங்குது அண்ணி" என்றேன். "முழிச்சுக்கிட்டா?" என்றாள். இப்படிப்பட்ட ஒருத்தியோடு நான் குடும்பம் நடத்துகிறேன்.

ஒரு வருஷம் குழந்தைகள் கலை விழா ஒரு பெரிய மண்டபத்தில் நடந்தது. வெளி முற்றத்தில் காகிதத் தொப்பி செய்யும் மேஜை, பொம்மலாட்டக் கூடாரம், முகத்தில் பூனையும் புலியும் வரைந்துவிடும் பெண், வரிசையாக நிறுத்திய தள்ளுவண்டிகள். உள்ளே மேடையில் நாங்கள். முதல் நாள் காட்சியில் கரடி குனிந்தபோது தலை சற்றுத் தூக்கிக்கொள்ள, முன்வரிசைச் சிறுமி ஒருத்தி, "கரடிக்கு மனுஷக் கழுத்து இருக்கு" என்று ஊருக்கே கேட்கச் சொல்லிவிட்டாள்.

அண்ணி அன்று சரியாகச் சாப்பிடவில்லை. மறுநாள் காலை கரடி உடம்பை மாட்டிக்கொண்டு என் முன்னால் வந்து உட்கார்ந்தாள்.

"தலையை உடம்போட சேர்த்துத் தைச்சிடு."

"கொக்கி இருக்கே அண்ணி."

"கொக்கி இருந்துதான் நேத்து மானம் போச்சு."

"அவசரம்னா எப்படிக் கழட்டுவீங்க?"

"என்ன அவசரம் வந்துடப் போகுது? முடிஞ்சதும் நீதானே பிரிச்சுவிடப் போறே."

ஒற்றைக்காலில் நின்றாள். மெழுகு தேய்த்த நூலால் கழுத்தைச் சுற்றி நெருக்கமாகத் தைத்தேன். என் தையல் சாமானியத்தில் பிரியாது. அதைப் பெருமையாகச் சொன்ன காலம் ஒன்று இருந்தது.

அன்றைக்குப் பார்த்து சுண்டுவைப் பார்த்துக்கொள்ளும் பக்கத்து வீட்டு அம்மாவுக்குக் காய்ச்சல். வேறு வழியில்லாமல் அவனையும் அழைத்து வந்திருந்தோம். முகத்தில் வரையும் பெண்ணிடம் உட்கார வைத்து, "இவனை விட்டு நகராதம்மா, கால் ஒரு இடத்துல நிக்காது" என்று சொல்லிவிட்டு வந்தேன். புலி வேண்டும் என்று சட்டமாகக் கேட்டுக்கொண்டிருந்தான்.

காட்சி தொடங்கியது. அரங்கு நிறைந்திருந்தது. மேடை நடுவில் ஒட்டுப்பலகையில் செய்த பெரிய மரம். அதன் நெஞ்சில் ஒரு பொந்து. மரத்துக்குப் பின்னால் ஓர் ஏணி, ஏணிக்கு மேல் ஓர் ஆள் நிற்கும்படி ஒற்றைப் பலகை. கடைசிக் காட்சியில் தேன்காரர் அதில் ஏறிப் பொந்து வழியாகத் தலையை நீட்டுவார். பலகையின் பின்பக்கம் பிடிமானம் எதுவும் கிடையாது. கீழே, மரம் சாயாமல் இருக்க அடுக்கிய இரும்புக் கட்டிகள். பெரியவர்கள் ஏறும் இடம்தானே என்று யாரும் அதைப் பற்றி யோசித்ததில்லை.

நான் பக்கத் திரைக்குப் பின்னால் ஊசிநூலும் கத்திரியுமாக நின்றிருந்தேன். கரடி தேன் பானையைக் கட்டிக்கொண்டு ஆடியது. பிள்ளைகள் கத்த ஆரம்பித்தார்கள்.

"பின்னாடி! பின்னாடி!"

கரடி வலப்பக்கம் பார்த்தது. சிரிப்பு. இடப்பக்கம் பார்த்தது. கூச்சல் கூடியது. லைட்காரர் எதிர்ப்பக்கத்திலிருந்து என்னைப் பார்த்துக் கட்டை விரலை உயர்த்தினார். இன்றைக்குக் கூட்டம் அமர்க்களம் என்று நானும் தலையாட்டினேன்.

அப்போதுதான் என் தோளுக்குப் பக்கத்தில் மடக் மடக்கென்று ஒரு சத்தம் கேட்டது. தேன்காரர் நின்று தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்.

"நீங்க இங்க இருக்கீங்களா?"

"என் கட்டம் இன்னும் வரலையே."

"அப்போ யாரைப் பார்த்துக் கத்துறாங்க?"

அவர் பாட்டிலை வாயிலிருந்து எடுத்தார். இருவரும் ஒரே நேரத்தில் மரத்தின் பின்பக்கம் பார்த்தோம். பலகைமேல் இரண்டு சின்னக் கால்கள். ஒன்றில் செருப்பு இருந்தது, இன்னொன்றில் இல்லை.

அம்மாவைத் தேடிக்கொண்டு வந்திருக்கிறான். முகத்தில் பாதி புலி, பாதி சுண்டு. பொந்துக்குள் தலையை விட்டு அரங்கைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிள்ளைகள் "மேல! மேல!" என்று அலறினார்கள். கரடியோ, தன் வேலையைத் தவறாமல் செய்தபடி, கீழே குனிந்து பானைக்கு அடியில் தேடியது. அரங்கில் பெரியவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நாடகத்தில் ஒரு குட்டிப் புலியும் உண்டு போலிருக்கிறது என்று நினைத்திருப்பார்கள்.

தேன்காரர் ஏணியை நோக்கிப் பாய்ந்தார். சட்டையைப் பிடித்து இழுத்தேன். அந்த ஏணியில் ஆள் கால் வைத்தால் பலகை ஆடும். சத்தம் கேட்டு அவன் திரும்பினால் திரும்பிய இடத்தில் தரை இல்லை.

"கட்டிகளை நகர்த்துங்க. சத்தம் வராம" என்றேன். அவர் மண்டியிட்டு ஒவ்வொன்றாக இழுக்கத் தொடங்கினார். டைரக்டர் எதிர்ப்பக்கம் திரையை இறக்கும் கயிற்றில் கை வைத்துவிட்டார். வேண்டாம் வேண்டாம் என்று இரு கையையும் ஆட்டினேன். இருட்டிவிட்டால் அவன் எங்கே ஓடுவான் என்று யார் கண்டது?

கரடி நிமிர்ந்தது. எது அவளை நிமிர வைத்தது என்று பிற்பாடு கேட்டேன். சிரிக்கிற கத்தலும் சிரிக்காத கத்தலும் கலந்து கேட்டதாகச் சொன்னாள். கரடியின் வாயில் வைத்த வலைத்துணி வழியாகத்தான் அவளுக்குப் பார்வை. தலையை முழுக்கப் பின்னால் சாய்த்து மேலே பார்த்தாள். மகன் தெரிந்தான். மகனுக்குக் கரடி தெரிந்தது.

அவன் முகம் அப்படியே உறைந்துவிட்டது. அண்ணி தன்னையறியாமல் கையை நீட்டினாள். ரோமக் கை மேலே வரவும் அவன் ஒரு அடி பின்னால் வைத்தான். செருப்பில்லாத குதிகால் பலகைக்கு வெளியே வந்துவிட்டது. நான் பார்த்துக்கொண்டே நிற்கிறேன்.

கரடி கையை இறக்கியது. பிறகு இரண்டு கைகளையும் தன் கழுத்துக்குக் கொண்டுபோனது. இத்தனை குழந்தைகள் முன்னால், அண்ணன் போட்ட சட்டத்தை உடைத்து, அண்ணி தலையைக் கழற்றப் பார்த்தாள். இழுத்தாள். திருகினாள். என் தையல் அசையவில்லை. அந்த நூலை, அந்த ஊசியை, ஒற்றைக்காலில் நின்ற அவளை, தைத்துக் கொடுத்த என்னை, எல்லாரையும் மனதுக்குள் திட்டித் தீர்த்தேன்.

அரங்கில் சிரிப்பு அடங்கிவிட்டது. ஏதோ சரியில்லை என்று பிள்ளைகளுக்குத்தான் முதலில் புரிந்தது.

அப்போது கரடி பேசியது.

"சுண்டு, இன்னொரு செருப்பு எங்கடா?"

வீட்டில் தினமும் கேட்கும் அதே அதட்டல். குரல் கொஞ்சமும் நடுங்கவில்லை. அவன் அரண்டு போய்ச் சுற்றிலும் பார்த்தான்.

"எங்க விட்டே? கேக்கறேன் இல்ல?"

"தெரில" என்றான் மெல்ல. வழக்கமாகச் சொல்கிற பதில்.

"கால்ல இருக்கானு நல்லாப் பாரு. உக்காந்து பாரு."

அவன் பலகைமேல் உட்கார்ந்தான். காலைத் தூக்கி உள்ளங்காலைப் பார்த்தான்.

"இல்லம்மா."

"சரி. அங்கயே உக்காந்திரு."

"நீ எங்க இருக்கே?"

அவன் பொந்து வழியாகக் கழுத்தை நீட்டிக் கரடியை மேலிருந்து கீழ்வரை பார்த்தான்.

"கரடி வயித்துலயா இருக்கே?"

"ஆமா" என்றாள் அண்ணி.

அவ்வளவுதான். பயந்து செத்துக்கொண்டிருந்த பிள்ளைக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. எங்கள் குடும்பத்தில் எல்லாருக்கும் மூக்குக்கு மேல் கோபம், அவன் மட்டும் எப்படித் தப்புவான்? இரண்டு காலையும் பொந்துக்கு வெளியே தொங்கவிட்டு, "ஏய் கரடி, எங்கம்மாவை வெளிய விடு" என்று உதைத்தான். கரடி பானை வைத்திருந்த பெட்டிமேல் ஏறி, அந்தக் கால்களைப் பிடித்து, இழுத்து, மார்போடு அணைத்துக்கொண்டது. அவன் கரடியின் மூக்கில் மாறி மாறிக் குத்தினான். என் கைப்பைத் தோல் பிய்ந்து தொங்கியது.

"விடு! எங்கம்மாவை விடு!"

முன்வரிசையில் நேற்றுக் கழுத்தைப் பார்த்த சிறுமி எழுந்து நின்றாள். "வெளிய விடு" என்றாள். பக்கத்துப் பிள்ளை எழுந்தது. பிறகு அரங்கு முழுக்க எழுந்து, "விடு! விடு!" என்று நாற்காலியைத் தட்ட ஆரம்பித்தது. கரடி என் பக்கம் திரும்பியது. நான் கத்திரியை எடுத்துக்கொண்டு மேடைக்கு ஓடினேன். என் தையலை நானே சரக் சரக்கென்று வெட்டினேன். தலை வந்தது. முடி நெற்றியில் ஒட்டி, வியர்வை சொட்டச் சொட்ட, என் அண்ணி கரடிக்குள்ளிருந்து வெளியே வந்தாள். அப்படி ஒரு கைதட்டலை அண்ணன்கூட வாங்கியதில்லை. திரை இறங்கியது.

பின்னால் அண்ணி தரையில் சரிந்து உட்கார்ந்தாள். முகம் வரையும் பெண் அழுதுகொண்டு ஓடி வந்தாள். டைரக்டர் வந்து, மத்தியானக் காட்சியிலும் முடிவை இப்படியே வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். நான் பார்த்த பார்வையில் மனிதர் வந்த வழியே திரும்பினார்.

சுண்டு அம்மாவின் மடியை விட்டு இறங்கி, கழற்றி வைத்த தலைக்குள் முகத்தை விட்டுப் பார்த்தான். பிறகு கரடி உடம்பின் வயிற்றை அழுத்திப் பார்த்தான். என்னிடம் வந்து கையை நீட்டினான்.

"அத்தை, கத்திரி குடு."

"எதுக்குடா?"

"அப்பா இன்னும் உள்ள இருக்காரு. அவரும் ஷோவுக்குத்தானே போனாரு."

பாத்திரம் உருட்ட அங்கே அடுக்களை இல்லை. அண்ணி என் பக்கம் முதுகைத் திருப்பி ஜிப்பை இறக்க வைத்து, கரடி உடம்பை மொத்தமாகக் கழற்றி அவன் முன்னால் போட்டாள். அவன் கைக்குள் கை விட்டான், காலுக்குள் தலை விட்டான். வயிற்றுப் பஞ்சைப் பிசைந்து பார்த்தான்.

"இல்லையாம்மா?"

"இல்லடா. இதுல இல்ல. எந்த ஷோவுலயும் இல்ல."

அவனை மடியில் தூக்கிப் போட்டுக்கொண்டு, முகத்திலிருந்த பாதிப் புலியைத் தன் கையால் துடைத்தபடி, அப்பா செத்துப்போய்விட்டார், இனி வரமாட்டார் என்று சொன்னாள். முதல்முறையாகச் சொன்னாள். நான் அவர்கள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவன் அழவில்லை. அம்மாவின் கழுத்தில் நூல் இறுக்கியிருந்த சிவந்த தடத்தை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தான்.

பிறகு செருப்பைத் தேட வேண்டும் என்றான். மூன்று பேரும் எழுந்து போய்த் தேடினோம்.