தெருவைச் சுற்றி வந்த சாவி

எங்கள் தெருவில் யாரும் வீட்டைப் பூட்டிவிட்டுச் சாவியைக் கையோடு கொண்டு போவது கிடையாது. மேலகரத்தில் மற்ற தெருக்களில் எப்படியோ, எங்கள் தெருவில் சாவி பக்கத்து வீட்டுக்குத்தான். தென்காசிக்குக் காய்கறி வாங்கப் போனாலும் சரி, சென்னையில் மகள் வீட்டுக்குப் போனாலும் சரி. "சாவியக் கையோட கொண்டு போயிட்டா, நம்மளத் தேடி வந்தவங்க மழையிலயா நிப்பாங்க" என்பது எதிர்வீட்டு டீச்சர் சொல்லும் நியாயம். சாரல் காலத்தில் அதை யாரும் மறுத்துப் பேச முடியாது.

இதில் இன்னொரு மரியாதையும் உண்டு. அடுத்தவர் சாவி நம்மிடம் இருக்கும்போது நாமும் வெளியே கிளம்ப வேண்டி வந்தால், நம் சாவியோடு அதையும் சேர்த்து அடுத்த வீட்டில் ஒப்படைத்துவிட்டுத்தான் போக வேண்டும். இல்லையென்றால் அவர் சாவி நம் வீட்டுக்குள் பூட்டிக் கிடக்கும், அவர் தெருவில் நிற்பார். யாரும் எழுதி வைத்த சட்டம் இல்லை. ஆனாலும் இந்தக் கதை நடக்கிற வரை எனக்குத் தெரிந்து யாரும் மீறியதும் இல்லை.

இந்தத் தெருவில்தான் ஒரு காரைக் காவல் காக்கும் பொறுப்பு எனக்கு வந்தது.

கார் என்னுடையது இல்லை. எனக்கு நூல், பட்டன், ஜிப் விற்கிற சின்னக் கடை. அதற்கு ஸ்கூட்டரே அதிகம். கார் பக்கத்து வீட்டு மாப்பிள்ளையுடையது. மாப்பிள்ளை என்றால் என் வீட்டு மருமகன் இல்லை. அவர் முஸ்லிம், சவூதியில் வேலை. நான் அவரை 'மாப்ளே' என்பேன், அவர் என்னை 'மச்சான்' என்பார். அப்படியே அவர் மனைவி எனக்குத் தங்கச்சி ஆகிவிட்டாள். கடைசியாக லீவில் வந்தபோது ஆசை ஆசையாக ஒரு வெள்ளைக் காரை வாங்கினார். அதை ஐந்தருவிக்கும் செங்கோட்டைக்குமாக நாலு தடவை ஓட்டியிருப்பார், லீவு முடிந்துவிட்டது. தங்கச்சி அப்போது மாசமாக இருந்தாள். பிரசவத்துக்காகத் தென்காசியில் உம்மா வீட்டுக்குப் போனவள் அங்கேயே தங்கிவிட்டாள். பூட்டிய வீட்டின் முன்னால் காரை விட முடியாது என்று, என் வீட்டுக் காம்பவுண்டுக்குள் தகரக் கொட்டகை போட்டு நிறுத்திவிட்டுப் போனார்.

"வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை ஒரு தடவ ஸ்டார்ட் பண்ணி வச்சிருங்க மச்சான். பேட்டரி எறங்கிரும்" என்றார். காரின் ஒரு சாவியை என்னிடம் கொடுத்தார். இன்னொன்றைத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு விமானம் ஏறினார். அங்கே அந்தச் சாவியை வைத்துக்கொண்டு என்ன செய்வார் என்று கேட்டதற்குத் தங்கச்சி சொன்னாள், "தலகாணிக்கு அடியில வச்சுத் தூங்குதாராம்ணே. போன் பண்ணினா மொதல்ல வண்டி எப்படி இருக்குன்னுதான் கேப்பாரு. அப்புறம் பிள்ள. அப்புறம் ஞாபகம் இருந்தா நான்."

கொட்டகையில் ஒரு கேமராவும் மாட்டிவிட்டுப் போயிருந்தார். அதை அவர் அங்கிருந்தே போனில் பார்ப்பார். சாரல் காற்றில் முருங்கை மரம் ஆடும்போதெல்லாம் அவர் போன் அலறுமாம். கடையில் வியாபாரம் நடக்கும்போது எனக்கு அழைப்பு வரும்.

"மச்சான், காரு மேல ஒரு பூனை படுத்திருக்கு."

"படுத்துட்டுப் போகுது மாப்ளே. அதுக்கு ஓட்டத் தெரியாதுல்லா."

இன்னொரு நாள், "மச்சான், டீச்சர் பானெட்டு மேல வத்தல் காயப் போடுதாங்க" என்றார். நான் போய் டீச்சரிடம் சொன்னேன். அவர் கேமராவை நிமிர்ந்து பார்த்து, "தம்பி, வரும்போது உங்களுக்கும் பொரிச்சுத் தாரேன்" என்றார். அதற்குப் பிறகு மாப்பிள்ளை அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

இப்படி நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்த காலத்தில், பக்கத்து ஊர் ஒன்றில் வீட்டு வாசலில் நின்ற காரை யாரோ ஓட்டிக்கொண்டு போய்விட்டார்கள் என்ற செய்தி தெருவின் வாட்ஸ்அப் குழுவில் வந்தது. கண்ணாடியை உடைக்கவில்லை, ஒயரை அறுக்கவில்லை. ஜன்னலை ஒட்டிய ஆணியில் சாவி தொங்கியிருக்கிறது. கையை விட்டு எடுத்திருக்கிறான். அவ்வளவுதான்.

அன்று சாயங்காலமே ஏட்டையா எங்கள் வீட்டுக்கு வந்தார். தெருக்கோடி வீடு அவருடையது. ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி சென்னையில் மகளோடு இருப்பதால், தெருவையே குடும்பமாக நினைத்து அதட்டிக்கொண்டிருப்பார். வந்தவர் செருப்பைக் கூடக் கழற்றவில்லை. எங்கள் வாசல் ஆணியையே பார்த்துக்கொண்டு நின்றார். அதில் வீட்டுச் சாவி, கடைச் சாவி, ஸ்கூட்டர் சாவி, கார் சாவி எல்லாம் கொத்துக் கொத்தாகத் தொங்கின.

"என்னவே இது, திருடனுக்கு மாலை கட்டிப் போட்டிருக்கீரு" என்றார்.

மறுநாள் என்னைத் தென்காசிக்குக் கூட்டிக்கொண்டு போய், ஸ்டியரிங்கில் குறுக்கே மாட்டிப் பூட்டுகிற இரும்புத் தடி ஒன்றை வாங்க வைத்தார். கார் சாவி இருந்தாலும் இந்தப் பூட்டைத் திறக்காமல் ஸ்டியரிங்கைத் திருப்ப முடியாது. அதற்கு இரண்டு சாவிகள் தந்தார்கள். ஒன்று தொலைந்தால் இன்னொன்று இருக்கட்டும் என்று கடைக்காரர் சொல்லிக் கொடுத்த இரண்டையும், நான் கார் சாவியோடு ஒரே வளையத்தில் கோத்து வைத்தேன். மூன்றும் ஒன்றாக இருந்தால் தேட வேண்டாம் என்பது என் கணக்கு.

வளையத்தை எங்கே வைப்பது என்பதுதான் பெரிய கேள்வி. "திருடன் மொதல்ல பீரோவப் பாப்பான், அப்புறம் அரிசி டிரம்மு, அப்புறம் சாமி படத்துக்குப் பின்னாடி" என்று ஏட்டையா வரிசையாகச் சொன்னார். நாங்கள் யோசித்து வைத்திருந்த இடங்களும் அதே வரிசையில்தான் இருந்தன. கடைசியில் என் மனைவி ஒன்றைச் சொன்னாள்.

"கார் நம்ம வீட்ல நிக்கி. தேடுனா நம்ம வீட்லதான தேடுவான். சாவி டீச்சர் வீட்ல இருக்கட்டும்."

ஏட்டையா அவளை நிமிர்ந்து பார்த்தார். "ஒம்ம வீட்டம்மா டிபார்ட்மெண்டுல இருந்திருக்க வேண்டிய ஆளுவே" என்றார். அந்த வாரத்திலிருந்து வெள்ளிக்கிழமை தோறும் டீச்சரிடம் சாவியை வாங்கி, காரை உறும விட்டு, மறுபடி பூட்டி, சாவியைத் திருப்பிக் கொடுத்து வந்தேன்.

மாப்பிள்ளைக்கு லீவு கிடைத்தது. திருவனந்தபுரத்தில் மத்தியானம் இறங்குகிறார். சனிக்கிழமை. குற்றாலத்தில் சீசன் உச்சத்தில் இருந்ததால் வாடகை வண்டிகள் எல்லாம் அருவிக்கும் லாட்ஜுக்கும் ஓடிக்கொண்டிருந்தன. அதனால் என்ன, நம்மிடம் கார் இருக்கிறதே என்று நான் தெம்பாக இருந்தேன். காலையில் தங்கச்சி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். பிள்ளைக்குப் புது ஃபிராக், தலையில் ரிப்பன். அத்தாவைப் போன் திரையில் மட்டுமே பார்த்திருக்கிற பிள்ளை. போனை எடுத்தாலே 'அத்தா' என்று அதை முத்தமிடும்.

"ஒண்ணே ஒண்ணுதாண்ணே" என்றாள் தங்கச்சி. "அவரு வெளிய வரும்போது இவ வாசல்ல நிக்கணும். அவரு வந்து நின்னு நம்மளத் தேடக் கூடாது."

"நமக்கு முன்னாடி பிளேன் வந்துருமாம்மா" என்று சொல்லிவிட்டு டீச்சர் வீட்டுக்குப் போனேன்.

டீச்சர் மாவு பிசைந்த கையோடு வந்தார். "சாவியா? நேத்து நீங்க வண்டிய உறும விட்டுட்டுத் தந்த பெறகு கீழப்பாவூர் நரசிம்மர் கோயிலுக்குப் போனேன்லா. மில்லு வீட்ல குடுத்துட்டுப் போனேன். திரும்பி வந்து எங்க வீட்டுச் சாவிய மட்டும் வாங்கினேன், உங்கள்து மறந்துபோச்சு."

மாவு மில் வைத்திருப்பவர் அதற்கு அடுத்த வீடு. தலையெல்லாம் மிளகாய்ப் பொடியோடு நின்றார். அவருக்குச் சாவியைப் பற்றி எதுவும் தெரியவில்லை. மனைவி கடையத்தில் ஒரு காதுகுத்துக்கு முந்தைய நாள் மாலையே போய்விட்டாளாம். போன் போட்டுக் கொடுத்தார். அந்தப் பக்கம் மேளச் சத்தம். "ஏட்டையாட்ட குடுத்துட்டு வந்தேண்ணே. இவரு மில்லுக்குப் போயிட்டா வீடு பூட்டித்தான கெடக்கும்" என்று அந்த அம்மா கத்திச் சொன்னார். எல்லோரும் முறைப்படிதான் நடந்திருக்கிறார்கள். குறை சொல்ல வாயே இல்லை.

ஏட்டையா வீடு பூட்டியிருந்தது. ஐந்தருவியில் தண்ணீர் அதிகம் என்று போட்டிருந்த தடையைக் காலையில் எடுத்துவிட்டார்கள். மனுஷர் துண்டை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். போன் அடித்தால், வீட்டுக்குள்ளேயே மணி கேட்டது.

திரும்பி வந்தபோது தங்கச்சி என் முகத்தைப் பார்த்தாள். பிள்ளையின் ரிப்பனை அவிழ்த்து மறுபடி கட்டினாள். செங்கோட்டை, ஆரியங்காவு, தென்மலை என்று மலை ஏறி இறங்கிப் போக வேண்டிய பாதை. சனிக்கிழமை நெரிசல் வேறு. இன்னும் கொஞ்ச நேரம் நின்றால், மாப்பிள்ளை ஒற்றை ஆளாக வெளியே வந்து பெட்டி மேல் உட்கார்ந்திருப்பார்.

என் மனைவி வாசல் ஆணியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "இந்தா கெடக்கே" என்றாள்.

"எது?"

"ஏட்டையா வீட்டுச் சாவி. காலையில அருவிக்குப் போகும்போது குடுத்துட்டுத்தான போனாரு."

காரின் சாவி ஏட்டையா வீட்டில், ஏட்டையா வீட்டின் சாவி எங்கள் ஆணியில். அடுத்தவர் சாவியையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்ற முறையை அவர் மட்டும் கடைப்பிடிக்கவில்லை. காவலில் வந்த பொருளைக் கை மாற்றக் கூடாது என்று நினைத்திருப்பார்.

ஆனால் ஆள் இல்லாத நேரத்தில் ஒரு போலீஸ்காரரின் வீட்டைத் திறந்து உள்ளே போய்ப் பொருள் எடுப்பது எப்படி? எனக்குக் கால் வரவில்லை. டீச்சர்தான் வழி சொன்னார். "எல்லாரும் போவோம். சாட்சியோட திருடினா திருட்டு இல்ல." நான், என் மனைவி, டீச்சர், மில்காரர், பிள்ளையோடு தங்கச்சி என்று ஊர்வலமாக உள்ளே நுழைந்தோம்.

பீரோவில் இல்லை. அரிசி டிரம்மில் இல்லை. சாமி படத்துக்குப் பின்னால் தூசிதான் இருந்தது. மில்காரர், "அவரு சொன்ன இடத்துலயே தேடுதீங்களே, அவரு அங்கன வைப்பாரா" என்று கேட்டார். பிறகு எல்லோரும் நின்ற இடத்திலேயே நின்று திருடனைப் போல யோசித்தோம். யாருக்கும் பழக்கம் இல்லை.

"திருடனுக்குக் கை வைக்கப் பயமா இருக்குத இடம் எது?" என்றாள் என் மனைவி. அப்படிச் சொல்லிக்கொண்டே சுவரைப் பார்த்தாள். அங்கே ஹேங்கரில், இஸ்திரி மடிப்புக் கலையாமல் ஏட்டையாவின் பழைய காக்கிச் சட்டை தொங்கியது. கிட்டப் போய், ஒரு தடவை வாசலைத் திரும்பிப் பார்த்துவிட்டு, பைக்குள் விரலை விட்டாள். வளையம் வந்தது, மூன்று சாவியோடு.

வாசலில் ஈரத் துண்டோடு ஏட்டையா நின்றுகொண்டிருந்தார். எங்களை ஒருவர் விடாமல் பார்த்தார்.

"சர்வீஸ்ல இருந்தவரைக்கும் இத்தன பேர ஒரே இடத்துல பிடிச்சதே இல்லவே" என்றார். பிறகு என் மனைவியின் கையில் இருந்த வளையத்தைப் பார்த்ததும் அவர் முகம் சுருங்கிப்போனது. நாங்கள் உள்ளே வந்தது அவருக்கு வருத்தமில்லை. அந்த இடத்தைக் கண்டுபிடித்ததுதான் வருத்தம். தங்கச்சி விஷயத்தைச் சொன்னதும் துண்டை உதறித் தோளில் போட்டார். "நின்னு கத பேசாதீரும். கிளம்பும். செங்கோட்டையில டீ குடிக்க எறங்காதீரு."

இறங்கவில்லை. தென்மலை வளைவுகளில் மட்டும் பிள்ளைக்காக மெதுவாகப் போனேன். தங்கச்சி வழி முழுக்கக் கடிகாரத்தைப் பார்க்காமல் வெளியே மரங்களைப் பார்த்துக்கொண்டே வந்தாள். "பாருங்கண்ணே, வந்ததும் மொதல்ல வண்டி எங்கன்னுதான் கேப்பாரு" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனாலும் இரண்டு தடவை சொன்னாள்.

விமான நிலையத்தில் காரை நிறுத்தி, ஏட்டையாவுக்குப் பயந்து இரும்புத் தடியையும் மாட்டிப் பூட்டிவிட்டு ஓடினோம். நாங்கள் போய் நின்று மூச்சு வாங்குவதற்குள் மாப்பிள்ளை பெட்டி வண்டியைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தார். எங்களைத் தேட வேண்டிய அவசியம் அவருக்கு இருக்கவில்லை. பிள்ளைதான் அவரையும், தங்கச்சி கையில் இருந்த போனையும் மாறி மாறிப் பார்த்தது. அவர் கையை நீட்டினார், போகவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டது. அவருக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை. சட்டைப் பைக்குள் கையை விட்டு, தலையணைக்கு அடியில் வைத்துத் தூங்கிய கார் சாவியை எடுத்து ஆட்டிக் காட்டினார். பிள்ளை அதைப் பிடித்தது. பிடித்த பிடியில் பிள்ளையும் அவர் கைக்கே வந்துவிட்டது.

கார் நிறுத்தத்துக்கு நடந்தோம். பெட்டிகளை நான் தள்ளினேன். அவர் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, "என்னப் பாரு, அத்தாவப் பாரு" என்று சொல்லிக்கொண்டே முன்னால் போனார். வெள்ளைக் காரைத் தாண்டினார். அதற்கு அடுத்த காரையும் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தார்.

தங்கச்சி என் பக்கம் திரும்பிப் பார்த்தாள். கூப்பிடாதீங்க என்பது போல விரலை உதட்டில் வைத்தாள். இன்னும் கொஞ்ச தூரம் அவரை நடக்க விட்டோம்.