எடுத்துக் கொடுக்காத வரி

எங்கள் அப்பா ரோச் பர்னாந்து மணப்பாட்டின் ராஜா. கோயில் திருவிழா நாடகத்தில் மட்டும்தான். மற்ற நாளெல்லாம் தூத்துக்குடித் துறைமுகத்தில் தோணிக்குச் சரக்கு ஏற்றுகிறவர். குடும்பமே நாடகக் குடும்பம். அம்மா உடுப்பு தைப்பாள். நான் சேவகன். அக்காள் மெட்டில்டா வலப்பக்கத் திரைக்குப் பின்னால் நாடக ஏட்டோடு நின்று, மறந்தவர்களுக்கு வரி எடுத்துக் கொடுப்பாள். அதிகம் மறப்பவர் அப்பாதான். மறந்தால் வலப்பக்கம் திரும்பி மீசையைத் தடவிக்கொண்டு நிற்பார். ராஜாவின் மிடுக்கு என்று ஜனங்கள் கைதட்டுவார்கள். அக்காள் வரியைத் தந்ததும் முழங்குவார்.

அந்த அக்காள் சென்னையில் எடிட்டிங் படித்தாள். எழுபத்தைந்தில் அங்கே தொலைக்காட்சி வந்ததும் படம் வெட்டி ஒட்டும் வேலையில் சேர்ந்தாள். வேண்டியவர் வேண்டாதவர் பார்க்கமாட்டாள் என்று பெயர் வாங்கினாள். அந்தப் பெயரை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வருகிறது.

எழுபத்தெட்டில் கடற்கரை ஊர்களைப் படம்பிடிக்க நிலையத்து ஆட்கள் மணப்பாட்டுக்கு வந்தார்கள். அப்பா கிரீடம் வைத்து ராஜா வசனம் பேசினார். பாதியில் நின்றுபோய், வலப்பக்கம் திரும்பி மீசையைத் தடவினார். நான்தான் ஓடிப்போய் ஏட்டை எடுத்து வரியைச் சொன்னேன். மீதியை நன்றாகவே பேசி முடித்தார்.

சுருள் அக்காள் மேசைக்குப் போனது. நின்ற இடத்தை மட்டும் வெட்டி ஒட்டியிருந்தால் போதும், தடுமாறிய பெரிய மனிதர்களுக்கெல்லாம் தினமும் அவள் செய்கிற வேலைதான். சொந்த அப்பாவுக்குச் செய்தால் சலுகை என்பார்களாம். ராஜாவை மொத்தமாகவே எடுத்துவிட்டாள். அந்தச் சுருளுக்கு நெகடிவ் கிடையாது, வேறு பிரதி எடுக்க முடியாது. வெட்டிய துண்டு குப்பைக்குப் போனது.

இதை அவள் அப்பாவிடம் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. தூத்துக்குடிப் பக்கம் அப்போது டிவி தெரியாது என்பதால், அப்பா புதுச் சட்டை தைத்து என்னையும் கூட்டிக்கொண்டு சென்னைக்கு ரயிலேறினார். அக்காளின் பக்கத்து வீட்டில் டிவி முன்னால் உட்கார்ந்தோம். தோணி வந்தது, வலை வந்தது, கோயில் வந்தது. ராஜா வரவில்லை.

"வரி மறந்து நின்னுட்டியளே அப்பா, அதான் எடுத்துட்டேன்" என்றாள் அக்காள், தரையைப் பார்த்தபடி.

அப்பா கோபப்படவில்லை. "மறக்கத்தான் செஞ்சேன், ஏளா. படத்த ஒட்டப்போறது நம்ம பிள்ளதானன்னு தைரியமா நின்னேன். எப்பவும் நீதான எடுத்துக் குடுப்ப?"

மறுவருஷம் அப்பா இறந்துபோனார். பெட்டியை மூடும் முன் அக்காள் அவருடைய வலப்பக்கம் குனிந்து, அன்றைக்கு அவர் மறந்த வரியை முழுசாகச் சொன்னாள். சொல்லிவிட்டு, பழைய பழக்கத்தில், அவர் பேசுவதற்காகக் காத்து நின்றாள்.