ஓர் இலைகூட இல்லாத வாசல்

தோட்ட லயத்து வரிசை வீடுகளில் கடைசியான எங்கள் வீட்டு வாசலுக்கு மேலே இரண்டு யூகலிப்டஸ் மரங்கள் நிற்கின்றன. தேயிலைத் தோட்டத்துக்குச் சொந்தமானவை. வெட்டச் சொல்லி நான்கு கடிதம் எழுதினேன், பதில் இல்லை. முப்பத்தொரு வருடம் அதே தோட்ட ஆபீஸில் கணக்கெழுதும் கிராணியாக இருந்து ஊரார் கடிதங்களுக்கெல்லாம் பதில் எழுதியவன் நான்.

என் மனைவி வாசல் கூட்டாமல் அடுப்பைப் பற்றவைக்க மாட்டாள். ஒரு வாய் தேநீர்கூடக் குடிக்க மாட்டாள். ஐம்பத்திரண்டு வருடமாக அப்படித்தான். போன மழைக்காலத்தில் ஈர இலையில் கால் வழுக்கி விழுந்தாள். இடுப்பெலும்பில் கீறல். நாற்பது நாள் கழித்து வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் இரண்டு விஷயம் சொன்னார். இன்னொரு முறை விழக் கூடாது. ஆனால் தினமும் எழுந்து நடந்தே ஆகவேண்டும், படுத்தே கிடந்தால் நெஞ்சில் சளி கட்டிவிடும்.

நான் முதலாவதை மட்டும் பிடித்துக்கொண்டேன்.

வந்த இரண்டாம் நாளே அவள் ஒரு கையில் ஊன்றுகோலும் மறு கையில் விளக்குமாறுமாக வாசலுக்கு இறங்கப் பார்த்தாள். விளக்குமாற்றைப் பிடுங்கி ஒளித்துவைத்தேன். ஈப்போவிலிருக்கும் மகளிடம் போனில் புலம்பினேன். அவள் இலை உறிஞ்சும் மெஷின் ஒன்றை அனுப்பினாள். தோளில் மாட்டிக்கொள்ள வேண்டும். நீளக் குழாய் இலையை இழுக்கும், உள்ளிருக்கும் கத்தி அதைத் தூளாக்கிப் பின்னாலிருக்கும் பையில் தள்ளும். ஈர இலை என்றால் குழாய் அடைத்துக்கொள்ளும். முதல் நாள் ஒன்பது தடவை அடைத்தது. அதனால் பனி விலகி இலை காயும்வரை, பத்து மணிவரை காத்திருந்து மெஷினைப் போட்டேன். பக்கத்து வீட்டு லோரி டிரைவர் மெஷின் இரைச்சல் கேட்டு எட்டிப் பார்த்து, "என்ன கிராணி ஐயா, பிளைட்டு எத்தன மணிக்கு லா?" என்றார்.

இரவில் விழுந்த இலைகளை மறுநாள் விடியுமுன் கையால் பொறுக்கினேன். அறுபத்து மூன்று. மனைவி எழுந்து வந்து நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"யாரு கூட்டுனா?"

"மெஷினு."

"ஒண்ணுகூட விடலியா?"

"ஒண்ணுகூட விடல," என்றேன். அதைப் பெருமையாகச் சொன்னேன் என்பதுதான் இப்போது தாங்க முடியவில்லை.

திரும்பிப் போய்ப் படுத்தாள். நான் போட்டு வைத்த தேநீர் ஆறிப்போனது. மறுநாள் எழவில்லை. மூன்றாம் நாள் கெஞ்சினேன். "கூட்ட ஒண்ணுமில்ல. எதுக்கு எழுந்திரிக்கணும்?" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அடம் பிடிக்கிறாள், தானாக வழிக்கு வருவாள் என்று நினைத்து, தினமும் வாசலைத் துடைத்த மாதிரி வைத்திருந்தேன். பதினான்காம் நாள் இருமல் தொடங்கியது.

பதினேழாம் நாள் மெஷினின் பையை வாசலில் கவிழ்த்தேன். தேயிலைத் தூள் மாதிரி கொட்டியது. அவளைத் தோளில் சாய்த்து, பதினோரு அடி நடத்தி, வாசற்கதவுவரை கூட்டிவந்து காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"இது குப்பைங்க. இலை இல்ல."

அதுதான் அவள் கடைசியாக நடந்தது.

மெஷினைக் கொட்டகையில் போட்டுவிட்டு இலைகளை விழ விட்டேன். ஐந்து நாளில் வாசல் மூடிப்போனது. ஒவ்வொரு காலையும் எண்ணிவந்து அவளிடம் சொன்னேன். இன்றைக்கு எண்பது, இன்றைக்கு நூற்றுப் பத்து. விளக்குமாற்றையும் கட்டிலில் சாய்த்து வைத்தேன். அவள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"மெஷினு இருக்குல்ல, போட்டுக்குங்க."

படுக்கைப் புண் வராமலிருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க ஆஸ்பத்திரியில் சொல்லியிருக்கிறார்கள். ஒரு நாளைக்குப் பன்னிரண்டு தடவை புரட்டுகிறேன். ஒவ்வொரு தடவையும் கனம் குறைந்திருக்கிறாள்.