எதிர் நாற்காலியில் ஹதானோ

என் வீட்டுக்காரர் பெயர் உட்சுகி தெருவோ. ஜப்பானில் கிர்யூ என்ற ஊரில் சலவைக் கடை வைத்திருக்கிறார். சட்டை தேய்ப்பதில் அவருக்கென்று ஒரு முறை உண்டு. முதலில் காலர், அப்புறம் மணிக்கட்டுப் பட்டி, அப்புறம் தோள். அகலமான முதுகுப் பக்கம் கடைசியில்தான். சின்னதை முடிக்காமல் பெரியதைத் தொடமாட்டார்.

ஞாயிற்றுக்கிழமைப் புதிர்க் கழகத்திலும் அதே கைதான். கட்டம் போட்ட தாளில் அங்கங்கே எண்கள் இருக்கும். தாள் முழுவதையும் செவ்வகங்களாகப் பிரிக்க வேண்டும். ஒரு செவ்வகத்துக்குள் ஒரே ஓர் எண், அந்த எண் எவ்வளவோ அத்தனை கட்டம். நிலத்தைப் பாகம் பிரிப்பது மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். இவர் சின்ன எண்களை முதலில் அடைத்துவிட்டுத்தான் பெரியதுக்கு வருவார். வேகம் கிடையாது, தப்பும் வராது. வருடா வருடம் நடக்கும் போட்டியில் பல தடவை முதல் பரிசு எங்கள் வீட்டுக்குத்தான் வந்தது.

அப்புறம் ஹதானோ சயோ வந்து சேர்ந்தாள். பாலர் பள்ளியில் சமைக்கிறவள். மெல்லிய குரல், நீளக் கழுத்து. அவள் எடுத்ததும் பெரிய எண்ணில்தான் கை வைப்பாள். அது ஓரத்துக்குப் பக்கத்தில் இருந்துவிட்டால் யோசிக்கவே மாட்டாள், ஓரத்தோடு ஒட்டி சர்ரென்று கோடு இழுத்துவிடுவாள். முக்கால்வாசி சரியாகவே இருக்கும். வந்த வருடமே முதல் பரிசு, அடுத்த வருடமும் அவளுக்கே.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் இரண்டு பேர் இல்லை, மூன்று பேர். சாப்பிட உட்கார்ந்தால், "இந்த எடத்துல அந்தம்மா எப்படி யோசிச்சிருப்பா?" தேய்க்கும்போதும் அந்தம்மாதான். அவருக்கு அவள் கையைப் பார்த்துப் பொறாமை. எனக்கு அவர் கண் போகும் திக்கைப் பார்த்துப் பொறாமை. யாருக்கு அதிகம் எரிந்தது என்று கேட்டால் எனக்குத்தான், சந்தேகமே வேண்டாம். நான் தலைமுடியைக் கழுத்தளவு வெட்டிக்கொண்டு வந்து நின்றேன். அவர் நிமிர்ந்து பார்த்துச் சொன்னார்:

"ஃபுமியே, ஹதானோ-சான் பென்சில மாத்திட்டா, கவனிச்சியா? இப்ப மெத்து முனை."

இந்த வருடப் போட்டிக்கு அவருக்கு ஒரு யோசனை உதித்தது. எல்லோரும் சேர்ந்து எழுதி மார்க் கூட்டுவது வேண்டாம், இரண்டு இரண்டு பேராக எதிரும் புதிருமாக உட்காருவோம், முதலில் முடிப்பவர் மணி அடிக்கட்டும், தோற்றவர் வெளியே. தப்பாக அடித்தாலும் தோல்விதான்.

கழகத்தை நடத்தும் குசுமி, மருந்துக்கடை வைத்திருந்த மனிதர், தலையைச் சொறிந்தார். "ஒருத்தர ஒருத்தர் மொறச்சிக்கிட்டு போடற ஆட்டமாய்யா இது? காலைலயே தோத்தவங்க சாயங்காலம் வரைக்கும் என்ன பண்ணுவாங்க?"

"டீ குடிக்கட்டும்."

"உனக்கென்ன, போடறது உங்க வீட்டம்மாதானே."

சிரித்தார்கள். சரி, ஒரு தடவை நடத்திப் பார்ப்போம் என்று முடிவானது. அவளை எதிரில் உட்காரவைத்து, கண்ணைப் பார்த்து ஜெயிக்க வேண்டும் என்ற ஆசைதான் இவருக்கு. கூட்டல் கழித்தலில் ஜெயித்தால் ஆறாதாம்.

எங்கள் கழகத்தில் புதிர்களை நாங்களேதான் உருவாக்குவோம். பெயர் எழுதாமல் பெட்டியில் போட்டுவிட வேண்டும், குசுமி எல்லாவற்றையும் தானே போட்டுப் பார்த்துத் தேர்ந்தெடுப்பார், கஷ்டமானதைக் கடைசிச் சுற்றுக்கு வைப்பார். டீ ஊற்றுகிறவள் போடக் கூடாது என்று விதி எதுவும் இல்லை. இத்தனை வருடமாகக் கோப்பை வைக்கிற சாக்கில் ஒவ்வொருவர் தோளுக்குப் பின்னாலும் நின்று பார்த்திருக்கிறேன். ஆகவே நானும் ஒன்று போட்டேன். ஒரே ஓர் ஆளுக்காகப் போட்டேன். பன்னிரண்டை ஓரத்தில் வைத்தேன். ஓரத்தோடு நீட்டினால் எல்லாம் கச்சிதமாக விழுவது போலவே இருக்கும். கடைசியில் ஓர் எண்ணுக்கு ஒரு கட்டம் குறையும், எந்த எண்ணோடும் சேர முடியாமல் ஒற்றைக் கட்டம் மூலையில் அநாதையாக நிற்கும். இவர் கண் முன்னால் அவள் ஒரே ஒரு தடவை விழுந்தால் போதும், என் வீட்டைவிட்டுப் போய்விடுவாள் என்று கணக்குப் போட்டேன்.

போட்டியன்று தோற்றவர்கள் எல்லாம் என் டீ மேசைக்கு வந்து புலம்பினார்கள். "எதிர்ல அந்தாளு மூச்சு விடற சத்தத்துல எனக்கு எண்ணே ஓடலம்மா" என்று ஒருவர் வாழ்நாள் துக்கம் மாதிரி சொன்னார். எனக்குக் காதில் விழவில்லை. கடைசி மேசையில் நான் நினைத்த இருவரும் உட்கார்ந்துவிட்டார்கள். குசுமி தாளைத் திருப்பினார். என் தாள்.

கெட்டிலைக் கீழே வைத்துவிட்டுப் பக்கத்தில் போனேன்.

என் வீட்டுக்காரர் பென்சிலை நேராகப் பன்னிரண்டில் வைத்தார். ஓரத்தோடு ஒட்டி, சர்ரென்று. கோடு முடிந்ததும் பென்சிலை லேசாகச் சுண்டி எடுத்தார், அப்படியே அவளைப் போல. எதிரில் ஹதானோ உதட்டைக் கடித்துக்கொண்டு இரண்டு, மூன்று என்று சின்ன எண்களை ஒவ்வொன்றாக அடைத்துக்கொண்டிருந்தாள். காலர், மணிக்கட்டுப் பட்டி, தோள். என் புருஷனின் கை அவளிடம் இருந்தது, அவள் கை இவரிடம். இத்தனை காலம் எதிரில் உட்கார்ந்து சோறு தின்ற என்னிடமிருந்து இந்த மனிதர் ஒரு பழக்கத்தைக்கூட எடுத்துக்கொண்டதில்லை.

அவர் மணியை அடித்தார். குசுமி தாளைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தார். "தெருவோ, மூலைல ஒரு கட்டம் தனியா நிக்குதேப்பா."

ஜெயித்தவள் எழுந்து குனிந்து வணங்கினாள். "உங்க வழிதான், உட்சுகி-சான். பெரிசத் தொடாதன்னு உங்களப் பாத்துப் பாத்துப் பழகினேன். வீட்ல எந்நேரமும் உங்க பேச்சுதான், உங்க பேரக் கேட்டாலே எங்க வீட்டுக்காரர் எந்திரிச்சுப் போயிடறார். என் பழைய வழில போயிருந்தா இன்னிக்கு நான் காலி. யாரோ என்னக் குறி வெச்சே போட்டிருக்காங்க இத."

இவர் அவளைப் பார்க்கவே இல்லை. தாளையே வெறித்துக்கொண்டிருந்தார். "யார் போட்டது இது?"

குசுமி கையை விரித்தார். எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"நான்தான்" என்றேன். யாரோ சிரித்து, பாதியில் நிறுத்தினார்கள்.

வீட்டுக்கு வந்ததும் அவர் சாப்பாட்டு மேசையில் என் தாளை விரித்து, போட்ட கோடுகளை அழித்துவிட்டு மறுபடி ஆரம்பித்தார். நான் கிண்ணங்களைக் கழுவிக்கொண்டிருந்தேன், கை நீட்டினால் தொடுகிற தூரம்தான்.

"பன்னெண்ட இங்க வெக்கலாம்னு இவளுக்கு எப்படித் தோணுச்சு?" என்று முனகினார். "எப்படி யோசிச்சிருப்பா இவ?"

"சொல்லட்டுமா?" என்றேன்.

"வேணாம்! வாயத் தெறக்காத!" சீறிவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். ஹதானோவைப் பார்ப்பாரே, அதே வயிற்றெரிச்சல், குறையவே இல்லை. அப்புறம் கண் என் கழுத்துப் பக்கம் போனது. "முடி எப்ப வெட்டின?"

கழுவிய கிண்ணத்தையே திரும்பக் கழுவிக்கொண்டு நின்றேன்.