ரைட் சொன்ன யப்பான்காரி

நேற்று நெல்லியடியில் பெற்றோல் அடிக்கக் காரோடு வரிசையில் நின்றேன். பக்கத்தில் நின்ற காரை யாரோ கிளப்பியதும் உள்ளேயிருந்து ஒரு பெண் குரல் யப்பான் மொழியில் ஏதோ சொன்னது. என் கால் தானாகவே பிரேக்கை விட்டுவிட்டது. நல்லவேளை, முன்னால் நின்ற வான் வண்டியில் முட்டவில்லை. வான்காரர் திரும்பி முறைத்தார். நான் இளித்தேன். அவருக்கு எங்கே தொடங்கி விளங்கப்படுத்துவது? உங்களுக்குச் சொல்கிறேன்.

என் முதல் கார், யப்பானில் யாரோ ஓடிக் கழித்துக் கப்பலேறி வந்த சின்னக் கார். வல்வெட்டித்துறைப் பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்த புதிதில், புத்தூரிலிருந்து போய்வர வாங்கினேன். ஊருக்கு அப்படித்தான் சொன்னேன். உண்மையான காரணம் அப்பா. முப்பது வருடம் பருத்தித்துறை வீதியில் பஸ் ஓட்டியவர், கண் மங்கி லைசென்ஸை மடித்து வைத்த நாளிலிருந்து வீட்டுப் படலையைத் தாண்டவில்லை. "ஸ்டியரிங் பிடிச்சவன் பக்கத்துச் சீற்றிலை குந்துறதோ?" என்று ஒரே பிடி. பகல் முழுக்கச் சாய்மனைக் கதிரையில் கிடந்து, வீதியால் போகிற பஸ்களின் கியர் சத்தத்தில் பிழை பிடிப்பார். எப்படியாவது அவரை வெளியே கொண்டுவர வேண்டும், அவ்வளவுதான் எனக்கு. பாட்டுப் போட்டால் வருவார் என்று நினைத்தேன்.

காரோடு வந்த பாட்டுச் செற்றைச் சும்மா சொல்லக்கூடாது, பார்க்க வடிவுதான். பாடத்தான் தெரியாது. எழுத்தெல்லாம் யப்பான் எழுத்து. அதன் ரேடியோ எஃப்.எம். தொண்ணூறோடு நின்றுவிடும், எங்கள் நிலையங்கள் அநேகமாக அதற்கு மேலே. எந்தப் பொத்தானை அமர்த்தினாலும் தாச்சியில் கடுகு பொரிகிற சத்தம். காரைக் கிளப்பும்போது மட்டும் ஒரு பெண் வலு மரியாதையாக ஒரு வசனம் சொல்வாள்.

புதுக் காரென்றால் கோயிலடிக்குக் கொண்டுபோய்ச் சில்லுக்குக் கீழே தேசிக்காய் வைத்து நசிக்க வேண்டும் அல்லவா? அதற்கு மட்டும் அப்பா சம்மதித்தார், அதுவும் முகத்தைத் தூக்கிக்கொண்டு. கிளப்பினேன். அவள் கதைத்தாள். அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"ஆரது?"

"யப்பான்காரி அப்பா. என்ன சொல்லுறாளெண்டு விளங்கேல்லை."

"இதிலை விளங்க என்ன கிடக்கு? ரைட் சொல்லுறாள். எடு மோனை!"

கொண்டக்டர் ரைட் சொல்லாமல் பஸ்ஸை ஒரு அடி நகர்த்தாத மனிதர் அவர். பின்னேரங்களில் என்னோடு வரத் தொடங்கினார். வல்லைவெளிக் காற்றில் சறத்தைப் பிடித்துக்கொண்டு, எந்த வளைவில் எந்த பஸ் படுத்தது என்று ஒரே கதை. "கெட்டிக்காரி, ஒருநாளும் பிந்திச் சொல்லமாட்டாள்" என்று அவளுக்குப் புகழ் வேறு.

நான் அதோடு சும்மா இருந்தேனா? இவ்வளவு சந்தோசமாக வருகிற மனிதருக்குப் பாட்டும் இருந்தால் எப்படியிருக்கும் என்று ஆசை. அரியாலையில் கார்களுக்குச் செற் பூட்டும் சுதனிடம் போனேன். "அக்கா, உது செற்றே? கழட்டி எறிவம்" என்றான். புதுச் செற், நாலு கதவுக்கும் புது ஸ்பீக்கர், சீற்றுக்குக் கீழே ஒரு பேஸ் பெட்டி. எனக்குச் சந்தோசப் புளுகம் தாங்கவில்லை. போகிற போக்கில் கேட்டேன், அந்தப் பெண் என்னதான் சொன்னாள் என்று.

"றோட்டுக்குக் காசு கட்டுற காட் போடேல்லையாம் அக்கா. யப்பான் கார் கனக்க இதைத்தான் சொல்லும்."

யாழ்ப்பாணத்தில் வீதிக்கு யார் காசு கேட்டார்கள்! அவ்வளவு நாளும் அவள் எங்களிடம் முறைப்பாடு சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள்.

அடுத்த நாள் அப்பாவை ஏற்றி, அவருக்குப் பிடித்த பழைய பாட்டைப் போட்டு, பெருமையாகக் கியரை மாற்றினேன்.

"நில்! ரைட் சொல்லேல்லை."

"அப்பா, பாட்டைக் கேளுங்கோ. எப்பிடியிருக்கு?"

"பாட்டுக் கிடக்கட்டும். அவளை எங்கை இறக்கிவிட்டனீ?"

பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்தது. அவர் கதவைத் திறக்கக் கை வைத்துவிட்டார். இறங்கினால் பழையபடி சாய்மனைக் கதிரைதான். வாயில் வந்ததைச் சொன்னேன்:

"அவள் பென்சன் எடுத்திட்டாள் அப்பா. இனி நீங்கள்தான் கொண்டக்டர்."

அப்பா என்னைப் பார்த்தார். "ட்ரைவரைப் பிடிச்சுக் கொண்டக்டராக்கிறியோ?" என்றார். பிறகு கையை யன்னலுக்கு வெளியே விட்டு, கதவில் இரண்டு தட்டுத் தட்டி, அயலட்டை முழுக்கக் கேட்க ஒரு "ரைட்!"

ஐந்து வருடம் அந்த வேலை பார்த்தார், ஒருநாள் லீவில்லை. நான் பெல்ற் போடாவிட்டால் ரைட் கிடையாது. பாட்டு நல்லாயிருந்தால், முடியுமட்டும் ரைட் கிடையாது. அவர் தட்டித் தட்டியே அந்தக் கதவில் உள்ளங்கை அகலத்துக்குப் பெயின்ற் மங்கிப்போனது.

அப்பா இப்போது இல்லை. அந்தக் காரையும் விற்றாயிற்று. புதுக் காரின் செற் எல்லா நிலையத்தையும் துல்லியமாக எடுக்கும், குறை சொல்ல ஒன்றுமில்லை. கிளப்பியதும் பிரேக்கில் காலை வைத்துக்கொண்டு கொஞ்சநேரம் இருப்பேன். பிறகு நானே கையை வெளியே விட்டு, கதவில் இரண்டு தட்டுத் தட்டி, காரை எடுப்பேன். ரைட் என்று சொல்ல மட்டும் வாய் வருவதில்லை.